மடக்கு போனின் கண்ணாடி எப்படி மடிகிறது, பிறகு ஏன் உடைகிறது?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மடக்கு போனின் திரையில் இருப்பது கண்ணாடி என்றால் அது எப்படி மடிகிறது? இரண்டு லட்சம் முறை மடித்தாலும் தாங்கும் என்று சொல்லப்படும் திரை சிலருக்கு ஓராண்டிலேயே மடிப்புக் கோட்டில் போய்விடுவது ஏன்? கல்லூரி ப்ராஜெக்டுக்காக மணிக்கட்டில் கட்டும் சென்சார் பட்டை ஒன்றைச் செய்ய, வளையும் சர்க்யூட்டை எப்படி வடிவமைப்பது? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

ஒரு தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. நடுவில் நீளவும் செய்யாத, சுருங்கவும் செய்யாத ஒரு தளம் இருக்கிறது. அதை நடுநிலைத் தளம் என்போம். மேற்பரப்பு தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பதுதான் திரிபு. அதற்கான சூத்திரம் எளிது: திரிபு = தடிமன் ÷ (2 × வளைவின் ஆரம்). சாதாரண போனின் மேல் கண்ணாடி 0.6 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டு அதை 3 மி.மீ. ஆரத்துக்கு வளைப்பதாக நினைத்தால் திரிபு 10 சதவீதம். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. அதே கண்ணாடியை 30 மைக்ரானாக (0.03 மி.மீ.) மெலியவைத்து 1.5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் திரிபு 1 சதவீதம். கண்ணாடியின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல் என்பதால் அதில் உண்டாகும் தகைவு (ஒரு பரப்பளவுக்கு உள்ளே எழும் விசை) ஏறத்தாழ 700 மெகாபாஸ்கல். குறையில்லாத, பதப்படுத்திய கண்ணாடி இதைத் தாங்கும்.

இதை நம்பக் கடினமாக இருந்தால் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைய இணைப்பை நினைத்துப் பாருங்கள். அதற்குள் இருக்கும் இழை 125 மைக்ரான் கண்ணாடி. மேலுறையோடு அதை விரலில் சுற்றினால் உடையாது: 10 மி.மீ. ஆரத்துக்கு 0.6 சதவீதத் திரிபுதான். ஆக, வளையும் தன்மை பொருளிலேயே பிறப்பது அல்ல, தடிமனில் இருந்து வருவது. கண்ணாடி, சிலிக்கான், தாமிரம் எல்லாமே போதிய அளவு மெலிந்தால் வளையும்.

2019-இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டின் மேல் அடுக்கு கண்ணாடி இல்லை, நிறமற்ற பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக். 2020 பிப்ரவரியில் வந்த கேலக்ஸி இசட் ஃப்ளிப்பில்தான் 30 மைக்ரான் மெல்லிய கண்ணாடி வந்தது. அதை உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்கி வைப்பார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கும். வளைக்கும்போது வரும் இழுவிசை முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்த பிறகுதான் கண்ணாடியைப் பிளக்கப் பார்க்கும். இப்படிப்பட்ட கண்ணாடி பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் உடையும். வெட்டிய விளிம்பில் நுண்ணிய பிளவு ஒன்று இருந்தால் போதும். அதனால் விளிம்பை அமிலத்தால் அரித்து மழுக்குவது தயாரிப்பில் மிக முக்கியமான வேலை.

ஆனால் திரை என்பது கண்ணாடி மட்டும் இல்லை. மேலிருந்து கீழே வந்தால் பாதுகாப்பு ஃபிலிம், பசை, மெல்லிய கண்ணாடி, மறுபடி பசை, போலரைசர் அல்லது அதற்குப் பதிலான வண்ண வடிகட்டி, தொடு உணரி, ஈரத் தடுப்பு அடுக்கு, ஒளி தரும் ஓஎல்இடி அடுக்கு, டிரான்சிஸ்டர் அடுக்கு, பாலிஇமைடு தளம், பின்புற ஃபிலிம், கடைசியாக மடிப்புப் பகுதியில் சல்லடைபோல் வெட்டிய உலோகத் தகடு. இவை எல்லாவற்றையும் சேர்த்தால் அரை மி.மீ.-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மேலே சொன்ன சூத்திரத்தின்படி இந்தக் கட்டு மடியவே கூடாது. மடிவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் பசை.

தடித்த நோட்டு ஒன்றை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓரத்தில் படிக்கட்டுபோல் நிற்கும். ஒவ்வொரு தாளும் தனித்தனியே வளைகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி நடுநிலைத் தளம். எல்லாத் தாளையும் கெட்டியாக ஒட்டிவிட்டால் அதே நோட்டு பலகையாகிவிடும். மடக்குத் திரையின் பசை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அடுக்குகளைப் பிரியவிடக் கூடாது, ஆனால் பக்கவாட்டில் வழுக்க விட வேண்டும்.

எவ்வளவு வழுக்க வேண்டும்? 50 மைக்ரான் ஃபிலிம், 50 மைக்ரான் பசை, அதன்மேல் இன்னொரு 50 மைக்ரான் ஃபிலிம் என்று எடுத்துக்கொள்வோம். இரு ஃபிலிம்களின் நடுப்பகுதிகளுக்கு இடையே 0.1 மி.மீ. தூரம். முழுதாக 180 டிகிரி மடிக்கும்போது வெளி ஃபிலிம் கடக்கும் பாதை உள் ஃபிலிமின் பாதையைவிட π × 0.1, அதாவது 0.31 மி.மீ. அதிகம். மடிப்பின் இரு பக்கமும் அதைப் பங்கிட்டுக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு சுமார் 0.16 மி.மீ. 50 மைக்ரான் பசை தன் தடிமனைப்போல் மூன்று மடங்கு பக்கவாட்டில் இழுபட்டு, திறந்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒருமுறை அல்ல, இரண்டு லட்சம் முறை. இந்தத் துறையில் கண்ணாடிக்குக் கிடைக்கும் புகழ் பசைக்குக் கிடைப்பதில்லை. என் கணிப்பில் மடக்கு போனைச் சாத்தியமாக்கியதில் பசைக்குத்தான் பெரிய பங்கு.

மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிவதற்கும் பெரும்பாலும் காரணம் பசையும் பிளாஸ்டிக் அடுக்குகளும்தான். இரவு முழுக்க மடித்தே வைத்திருந்தால் இழுபட்ட பசை மெல்ல அந்த வடிவத்துக்கே பழகிப்போகிறது, திறந்தாலும் முழுதாகத் திரும்புவதில்லை. பிற்காலக் கீல்கள் திரையை உள்ளே தண்ணீர்த் துளி வடிவில் சற்று விரிந்து வளைய விடுகின்றன. ஆரம் கூடும்போது திரிபு குறைகிறது, கோடும் மங்குகிறது.

டிரான்சிஸ்டர்கள் பிளாஸ்டிக்கின்மேல் எப்படி ஏறுகின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனி பிளாஸ்டிக் தாளின்மேல் யாரும் நேரடியாகச் செய்வதில்லை, சூடு பட்டால் அது சுருங்கி நெளியும். கெட்டியான கண்ணாடிப் பலகையின்மேல் பாலிஇமைடு கரைசலைப் பூசி, 400 டிகிரிக்கும் மேல் சுட்டு, அதன்மேல் டிரான்சிஸ்டர், ஓஎல்இடி, ஈரத் தடுப்பு எல்லாவற்றையும் கட்டுவார்கள். கடைசியில் கண்ணாடியின் பின்பக்கமிருந்து 308 நானோமீட்டர் புற ஊதா லேசரைப் பாய்ச்சினால், பாலிஇமைடின் அடிப்பரப்பு மட்டும் எரிந்து திரை உரிந்து வந்துவிடும். இந்தப் பாலிஇமைடு தேன் நிறத்தில் இருக்கும். ஒளி மேல்நோக்கியே போவதால் அடியில் இருப்பதன் நிறம் பிரச்சினை இல்லை.

ஓஎல்இடிக்கு ஈரம் பரம எதிரி. அதைக் காக்கும் தடுப்பு அடுக்கு ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குமேல் நீராவியை விடக் கூடாது என்பது துறையின் இலக்கு. அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு கிராம் நீர் கடக்க சுமார் 2,700 ஆண்டுகள் ஆக வேண்டும். கண்ணாடி மூடி போட்டால் இது எளிது, ஆனால் மூடி வளையாது. அதனால் சிலிக்கான் நைட்ரைடு போன்ற கனிம அடுக்கு, அதன்மேல் மெத்தையாக ஒரு கரிம அடுக்கு, மறுபடி கனிம அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பூசுவார்கள். கனிம அடுக்கு ஏறத்தாழ 1 சதவீதத் திரிபிலேயே விரிசல் விடும். எனவே அதை நடுநிலைத் தளத்துக்குப் பக்கத்தில் வரும்படி மேலும் கீழும் உள்ள ஃபிலிம்களின் தடிமனைத் தேர்ந்தெடுப்பதுதான் அடுக்கு வடிவமைப்பின் உயிர்நாடி.

வளையும் திரை மடக்கு போனோடு வந்ததும் இல்லை. 2013-லேயே கேலக்ஸி ரவுண்டும் எல்ஜி ஜி ஃப்ளெக்ஸும் பிளாஸ்டிக் தளத் திரையோடு வந்தன. 2017-இல் வந்த ஐபோன் எக்ஸின் திரை பார்க்கத் தட்டை, ஆனால் அதன் கீழ் விளிம்பு பின்னால் மடிந்து போகிறது. ஓரம் மெலிந்து தெரிவது அதனால்தான். அது தொழிற்சாலையில் ஒரே ஒருமுறை மடிப்பது. ஒருமுறை மடித்து அப்படியே விட்டுவிடுவதும் தினமும் நூறு முறை மடிப்பதும் வெவ்வேறு கணக்குகள். கீழே சர்க்யூட் பற்றிச் சொல்லும்போது இந்த வேறுபாடு மறுபடி வரும்.

இனி இரண்டாவது கேள்வி. இரண்டு லட்சம் முறை என்பது நாளுக்கு நூறு முறை வீதம் ஐந்தரை ஆண்டு. அந்தச் சோதனையை இயந்திரம் செய்கிறது: சுத்தமான அறை, அறை வெப்பம், ஒரே சீரான வேகம். அங்கே இல்லாதவை தூசி, குளிர், நகம், பாக்கெட்டில் இருக்கும் சாவி. திரை போவது பெரும்பாலும் இவற்றால்.

தூசிதான் முதல் எதிரி. 2019 ஏப்ரலில் விமர்சகர்கள் கைக்குப் போன முதல் கேலக்ஸி ஃபோல்டுகள் சில நாளிலேயே பழுதாயின. சிலர் மேலே இருந்த ஃபிலிமை, புதுப் போனோடு வரும் சாதாரண ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் கீலின் இடைவெளி வழியாகத் துகள் புகுந்து திரைக்கு அடியில் போய் நின்றது. வெளியீட்டை நிறுத்தி, ஃபிலிமின் விளிம்பைச் சட்டத்துக்கு அடியில் நீட்டி, கீல் முனைகளுக்கு மூடி போட்டு, செப்டம்பரில்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். 0.2 மி.மீ. மணல் துகள் ஒன்று திரைக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். மடிக்கும்போதெல்லாம் அந்தத் துகளின் முனையைச் சுற்றித் திரை தனியாக ஒரு குட்டி வளைவு வளைகிறது. அந்த வளைவின் ஆரம் 1.5 மி.மீ. அல்ல, அதில் சிறு பங்கு. சூத்திரத்தில் ஆரம் கீழே இருப்பதால் திரிபு பல மடங்கு ஏறிவிடுகிறது. ஈரத் தடுப்பில் விரிசல் விழுந்து, முதலில் கரும்புள்ளி, பிறகு அது மெல்லப் பரவும்.

அதனால் போன் வாங்கும்போது, தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணில் முதல் இலக்கத்தைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்8 என்றால் தண்ணீருக்கு மட்டும் சோதித்தது, தூசிக்குத் தரமே தரவில்லை. 2024-இல் வந்த இசட் ஃபோல்டு6-இன் ஐபி48-இல் முதலில் வரும் 4, ஒரு மி.மீ.-க்குமேல் உள்ள பொருள் புகாது என்று மட்டுமே சொல்கிறது. கடற்கரை மணலில் பெரும்பகுதி அதைவிடச் சிறியது. 2025-இல் வந்த பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68 பெற்றது, அங்கே 6 என்றால் தூசி புகவே கூடாது. மணலோ சிமெண்டுத் தூசியோ உள்ள இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு இலக்கம் கேமராவைவிட முக்கியம்.

அடுத்தது புள்ளி அழுத்தம். 30 மைக்ரான் கண்ணாடியின் அடியில் மெத்தையான பசை இருக்கிறது. நகமோ பேனா முனையோ அழுத்தினால் கண்ணாடி அந்த இடத்தில் மட்டும் குழிந்து, மிகச் சிறிய ஆரத்துக்கு வளைகிறது. கண்ணாடி என்ற பெயரைக் கேட்டு சாதாரண போன் கண்ணாடியின் உறுதியை அதில் எதிர்பார்க்க வேண்டாம். கையில் படுவதும் கண்ணாடி இல்லை, மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம். நகக் கீறல் விழுவது அதில்தான்.

அந்த ஃபிலிம் ஓராண்டு வாக்கில் மடிப்புக் கோட்டில் குமிழ் விட்டு எழும்புவது அடிக்கடி நடக்கும். அது ஃபிலிமின் பசை தளர்ந்ததன் அறிகுறி, திரை போய்விட்டதாக அர்த்தம் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் இடைவெளியில் தூசி சேர்ந்து மேலே சொன்ன கதைதான். நீங்களே உரிக்க வேண்டாம், சர்வீஸ் சென்டரில் மாற்றித் தருவார்கள். கடையில் கிடைக்கும் தடித்த ஸ்க்ரீன் கார்டு ஒட்டுவது அதைவிடப் பெரிய தவறு. உள்நோக்கி மடியும் போனில் திரையின் முகம் வளைவின் உள்பக்கம் இருக்கிறது. அங்கே தடிமனைக் கூட்டினால் நடுநிலைத் தளம் அந்தப் பக்கமாக நகர்ந்து, நடுநிலையில் நிம்மதியாக இருந்த ஓஎல்இடி அடுக்கு இழுவிசைக்குள் தள்ளப்படும். போனும் முழுதாக மூடாமல் கீலை நெம்பும்.

குளிர் தமிழ்நாட்டில் பெரிய கவலை இல்லை. டொராண்டோ குளிர்காலத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பசை குளிரில் இறுகிவிடும், வழுக்க வேண்டியது வழுக்காது, நோட்டு பலகையாகிவிடும். வெளியில் இருந்து வந்ததும் சில நிமிடம் உள்பாக்கெட்டில் வைத்துச் சூடேறவிட்டு மெதுவாகத் திறங்கள். கீலில் நறநறவென்ற சத்தமோ உணர்வோ வந்தால் தொடர்ந்து மடித்துப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, உங்கள் சென்சார் பட்டை. முதலில் ஒன்று: சிப்பை வளைக்கப் பார்க்காதீர்கள். வளையும் சிப் உண்மையிலேயே இருக்கிறது. 2021-இல் ஆர்ம், ப்ராக்மாட்டிக் நிறுவனங்கள் பாலிஇமைடின்மேல் 32 பிட் ப்ராசசர் ஒன்றைச் செய்து காட்டின. 59.2 சதுர மி.மீ. பரப்பு, சுமார் 18,000 லாஜிக் கேட்கள், 29 கிலோஹெர்ட்ஸ் வேகம், 21 மில்லிவாட் மின்செலவு. அது உலோக ஆக்சைடு டிரான்சிஸ்டர்களால் ஆனது. அவற்றில் n-வகை (எலக்ட்ரான்களால் மின்சாரம் கடத்துவது) மட்டுமே நன்றாக வருவதால், வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பால் பாக்கெட்டிலோ மருந்துப் பட்டையிலோ ஒட்டும் மலிவான அறிவுக்கு இது போதும், உங்கள் வேலைக்கு ஆகாது. நடைமுறை வழி: சிப்புகள் கெட்டியான தீவுகள், நடுவில் வளையும் தாமிரத் தடங்கள்.

மணிக்கட்டின் சுற்றளவு 170 மி.மீ. என்றால் ஆரம் 27 மி.மீ. 0.1 மி.மீ. ஃப்ளெக்ஸ் போர்டுக்கு (வளையும் சர்க்யூட் போர்டு) அது ஒரு பொருட்டே இல்லை. போர்டு உடையும் இடம் வேறு: கெட்டியான பாகம் முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் கோடு. பட்டையை முறுக்கும்போது வளைவு முழுக்க அங்கே குவிந்து ஆரம் 2 மி.மீ. வரை இறங்கிவிடும். அங்கே தாமிரம் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். ஒற்றை அடுக்கு போர்டில் 18 மைக்ரான் தாமிரம், மேலும் கீழும் சம தடிமன் பாலிஇமைடு என்றால் தாமிரம் நடுநிலைத் தளத்திலேயே இருக்கும். அதன் மேற்பரப்பு நடுவிலிருந்து 9 மைக்ரான் தூரம், திரிபு 0.45 சதவீதம். இரட்டை அடுக்கில் 25 மைக்ரான் பாலிஇமைடின் இரு பக்கமும் தாமிரம், வெளிப்பரப்பு நடுவிலிருந்து 30 மைக்ரான், திரிபு 1.5 சதவீதம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல் சில நூறு வளைப்பிலேயே போகலாம். ஆகவே வளையும் பகுதியில் தாமிரம் ஒரே அடுக்காக இருக்கட்டும். தீவுகளில் இரண்டு அடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு: ஒருமுறை வளைத்துப் பொருத்துவதற்கு ஆரம் போர்டுத் தடிமனைப்போல் 10 மடங்காவது இருக்கட்டும், தினமும் அசையும் இடத்தில் 100 மடங்கு.

தடங்கள் வளைவுக் கோட்டைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அந்தப் பகுதியில் வயா (அடுக்குகளை இணைக்கும் முலாம் பூசிய துளை), சால்டர் பேட், செங்கோணத் திருப்பம் எதுவும் வேண்டாம். தடத்தின் அகலம் திடீரென்று மாறக் கூடாது. கிரவுண்ட் இணைப்புக்கான தாமிரப் பரப்பு தேவைப்பட்டால் முழுத் தாமிரமாக விடாமல் வலைபோல் போடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது உருட்டிப் பதப்படுத்திய தாமிரம் என்று எழுதிக் கேளுங்கள். மின்முலாம் முறையில் படிந்த தாமிரம் அதைவிட எளிதில் களைத்துப்போகும். வயா உள்ள போர்டில் துளைக்கு முலாம் பூசும்போது தடங்களின்மேலும் அந்தத் தாமிரம் ஏறிவிடும். பேடுகளுக்கு மட்டும் முலாம் பூசச் சொல்லலாம். தங்க முலாமின் அடியில் இருக்கும் நிக்கல் எளிதில் விரிசல் விடும், வளையும் பகுதியில் அது வரவே கூடாது.

தீவுகளின் அடியில் 0.2 முதல் 0.4 மி.மீ. கெட்டித் தகடு ஒட்டுங்கள். தகட்டின் விளிம்பும், தாமிரத்தை மூடும் மேலுறையின் திறப்பு விளிம்பும் ஒரே கோட்டில் விழாமல் ஒரு மி.மீ. தள்ளி இருக்கட்டும். விளிம்பில் மென்மையான சிலிக்கோன் பசையை ஒரு கோடாக இட்டால் வளைவு ஒரே இடத்தில் குவியாமல் பரவும். செராமிக் கெப்பாசிட்டரின் நீளப் பக்கம் வளைவுக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், குறுக்கே வைத்தால் உடல் விரிசல் விட்டு ஷார்ட் ஆகலாம். கனெக்டரில் செருகும் முனை 0.5 மி.மீ. இடைவெளி வகையில் பெரும்பாலும் 0.3 மி.மீ. மொத்தத் தடிமன் கேட்கும், டேட்டாஷீட்டைப் பார்த்துத் தகடு சேருங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியை எக்காரணம் கொண்டும் வளைக்காதீர்கள், அதுவும் ஒரு கெட்டித் தீவுதான்.

பாலிஇமைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நேரே சால்டர் செய்தால் அது நீராவியாகி அடுக்கு கொப்பளிக்கும். 120 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது ஓவனில் வைத்து, எடுத்ததும் வேலையை முடித்துவிடுங்கள். போர்டைத் தட்டையான அலுமினியத் தகட்டில் பாலிஇமைடு டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். சால்டரிங் அயர்ன் ஒரு பேடில் இரண்டு மூன்று விநாடிக்குமேல் நிற்கக் கூடாது, பேடு உரிந்து கையோடு வந்துவிடும்.

திரை வேண்டுமென்றால் 2.13 அங்குல, 212 × 104 புள்ளி கொண்ட வளையும் இ-பேப்பர் கிடைக்கிறது. அதன் ஒரு முனையில் டிரைவர் சிப் ஒட்டியிருக்கும். அந்த முனை வளையாத சிலிக்கான், அதைத் தட்டையான தீவின்மேல் ஒட்டிவிட்டு மீதியை மட்டும் வளையவிடுங்கள்.

செய்து முடித்ததும் சோதிக்க, 50 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய் ஒன்று போதும். பட்டையை அதில் சுற்றி எடுப்பதை ஆயிரம் முறை செய்யுங்கள், நூறு முறைக்கு ஒருதடவை ஒவ்வொரு தடத்தின் மின்தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது பட்டை குழாயில் சுற்றியபடியே இருக்கட்டும். விரிசல் விட்ட தாமிரம் தட்டையாக வைத்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மேசைமேல் மல்டிமீட்டர் நல்ல இணைப்பு என்று காட்டும், கையில் கட்டியதும் சென்சார் செத்துப்போகும்.